ஒண்டியா வந்தா ரூமு யாருகூட?



தர்மபுரி மாவட்டம் கடத்தூரிலிருந்து ஓர் இன்லாந்து லெட்டர் வந்திருக்கிறது. எழுதியவர் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். கிரேக்கத் தீவுகளைப் பற்றி நாம் வெளியிட்ட பயணக் கட்டுரையைப் படித்திருக்கிறார். "படமெல்லாம் நல்லாருந்துச்சுங்க. எனக்கும் போவணும்னு ஆசை. வயசு அறுபத்திரெண்டு, சர்க்கரை இல்லை, முட்டி மட்டும் கொஞ்சம் வலி. ஆனா ஒண்டியா வந்தா ரூமு யாருகூட போடுவாங்க? அத நீங்க எழுதவே இல்லையே" என்று கேட்கிறார்.

நாம் எழுதவில்லைதான். விமானம், விசா, வெள்ளைச் சுவர், நீலக் கதவு என்று எட்டுப் பக்கம் போட்டோம். கட்டுரையாளர் மனைவியோடு போய்வந்தவர். அவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்க வழியில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் நான் பார்த்த முதல் தீவுச் சுற்றுலாவே ஓர் ஒண்டிக்கட்டையோடு போனதுதான்.

1986 கோடை விடுமுறை. கடத்தூரில் சாமியானா பந்தல் வாடகைக்கு விடும் ஒருவர் ராமேஸ்வரத்துக்கு டூர் பஸ் விட்டார். பஸ் கூரையில் அண்டா, அரிசி மூட்டை, விறகு. கடைசி சீட்டில் சமையல்காரர். என் அத்தை கணவரை இழந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. "துணைக்கு" என்று என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. யாருக்கு யார் துணை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அரை டிக்கெட். அரை டிக்கெட்டுக்கு சீட் கிடையாது, டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல்தான் உட்கார வேண்டும். அத்தையின் சீட்டில் பாதி காலியாக இருந்தது. பொம்மிடியில் ஏறிய, கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு டீச்சரம்மாவை அங்கே உட்கார வைத்தார் பந்தல்காரர்.

அப்போது தீவுக்குச் சாலைப் பாலம் இல்லை. அது 1988-ல்தான் திறந்தது. பஸ் மண்டபத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ரயிலேறி, 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து போகவேண்டும். இரண்டு பக்கமும் கடல். டீச்சரம்மா ஜன்னலோர இடத்தை அத்தைக்கு விட்டுக்கொடுத்தார். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளிக்காரர் இறைத்து இறைத்துத் தலையில் ஊற்ற, ஈரப் புடவையோடு ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு ஓடிய கூட்டத்தில் அத்தை வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். அதற்கு முன் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

இரவு படுத்தது ஒரு சத்திரத்தின் கூடத்தில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாய் போட்டு வரிசையாக. யார் தம்பதி, யார் ஒண்டி என்ற பேச்சே அங்கே இல்லை. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய பணம் எல்லாருக்கும் ஒன்றுதான். கூடம் போய் அறை வந்து, அறைக்குள் இரட்டைக் கட்டில் வந்த பிறகுதான் தனியாக வருபவர் கணக்குக்கு இடைஞ்சலானார் என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓட்டல்காரர் விற்பது கட்டிலை அல்ல, அறையை. அறை வாடகை ஓர் இரவுக்கு 8,000 ரூபாய் என்று வையுங்கள். இருவர் தங்கினால் தலைக்கு 4,000. ஒருவர் என்றால் முழு 8,000-மும் அவர் தலையில். ஏழு இரவு என்றால் 28,000 ரூபாய் கூடுதல். காலிக் கட்டிலுக்குக் கொடுக்கும் வாடகை அது. ஐஆர்சிடிசியின் சுற்றுலாக் கட்டண அட்டவணைகளைப் பார்த்தாலே தெரியும்: மூவர் சேர்ந்து தங்கினால் ஒரு விலை, இருவர் என்றால் சற்று அதிகம், ஒருவர் என்றால் சட்டென்று ஏறும். தனியார் நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது இருவர் தங்கும் விலையைத்தான்.

ஐரோப்பாவில் இதையே ஒரு தொழிலாக்கியிருக்கிறார்கள். தனியாக வருபவர்களை மட்டும் சேர்த்துக் குழுவாக அழைத்துப் போகும் நிறுவனங்கள் அங்கே பல. துணையை இழந்தவர், விவாகரத்தானவர், கல்யாணமே வேண்டாம் என்றவர், கணவருக்குக் கடல் பிடிக்காததால் தனியே கிளம்பியவர் எல்லாரும் அதில் உண்டு. (மாப்பிள்ளை பார்க்கும் டூர் அல்ல. அப்படி நினைத்துக்கொண்டு அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் தனியாக விசாரித்தார்.) மத்தியதரைக் கடல் தீவுகள் இதற்குத் தோதான இடம். ஜூலை, ஆகஸ்ட் கூட்டம் வடிந்தபின் அறைகள் காலியாகும். தனியாக வருபவருக்கும் குறைத்துக் கொடுக்க ஓட்டல்காரருக்கு மனசு வரும். மே மாதமும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையும் வெயிலும் தணிவு. நம் நாட்டிலும் பெண்களை மட்டும் குழுவாக வெளிநாடு கூட்டிப்போகும் நிறுவனங்கள் இருக்கின்றன. அறைக்குச் சேர்ந்து தங்க ஆள் பார்த்துத் தருகிறோம் என்பார்கள். ஆள் கிடைக்காவிட்டால் கூடுதல் பணம் யார் கட்டுவது என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. சண்டையெல்லாம் அங்கேதான் வருகிறது.

எந்தத் தீவு என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் சான்டோரினி என்பார்கள். அழகுதான், ஆனால் எரிமலை வெடித்து உள்வாங்கிய குழியின் விளிம்பில் தொங்கும் ஊர். பழைய துறைமுகத்திலிருந்து மேலே வர ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். உங்கள் பக்கத்துத் தீர்த்தமலை ஏறியவருக்கு அது பெரிதில்லை, கேபிள் காரும் உண்டு. ஆனால் முட்டி வலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2025 பிப்ரவரியில் தொடர்ந்து நிலம் அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் தீவைவிட்டுக் கிளம்பியதும் நினைவிருக்கும்.

என் ஓட்டு கிரீட்டுக்கு. கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவு. நொசோஸ் அரண்மனையின் இடிபாடுகளைவிட உங்களுக்கு அங்கத்துச் சாப்பாடு பிடிக்கும் என்று நினைக்கிறேன். மலையில் பறித்த கீரையை வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தட்டு நிறைய வைப்பார்கள். 'ஹோர்த்தா' என்று பெயர். வாற்கோதுமையில் சுட்ட கல் போன்ற ரஸ்க்கைத் தண்ணீர் தெளித்து இளக்கி, தக்காளி துருவிப் போட்டுத் தின்பார்கள். களியும் கீரையும் தின்று வளர்ந்த தர்மபுரி வயிறு அங்கே பட்டினி கிடக்காது. கறி சாப்பிடாதவர்கள் 'நிஸ்தீசிமோ' என்று ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். விரத நாளில் அவர்கள் சாப்பிடும் உணவு அது. கடலில் கிடைக்கும் நண்டு, கணவாய் அவர்கள் விரதத்துக்கு ஆகும் என்பதால் ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது.

பேச்சுத்தான் பயம் என்றால் மால்டா. ஆங்கிலம் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். தர்மபுரி மாவட்டத்துக்குள் பதினான்கு மால்டாவை வைக்கலாம். தொலைந்துபோவதற்குக்கூட இடம் போதாது.

இரண்டு நாட்டுக்கும் ஷெங்கன் விசாதான். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். முதல் தடவை என்றால் கைரேகை வைக்க நேரில் போகவேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும்: மணமாகாதவர், மணமானவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர். ஒன்றில் டிக் போட வேண்டும். என் அத்தைக்கு அந்தக் கட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு வரவில்லை. ஆனால் பொம்மிடி டீச்சரம்மா சாகும்வரை எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் விட்டதில்லை. அழைப்புப் பத்திரிகையில் அவர் பெயரையும் உறவுக்காரர் வரிசையில்தான் போடுவோம்.

அதனால்தான் ஒரு காரியம் செய்தேன். இதே கேள்வியை அரக்கோணத்திலிருந்து இன்னொரு வாசகியும் கேட்டிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். இருவரிடமும் அனுமதி வாங்கி ஒருவர் எண்ணை மற்றவருக்குக் கொடுத்தேன். முதல் போனே முக்கால் மணி நேரமாம். கிரீட்டா மால்டாவா என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று பேசிவைத்திருக்கிறார்கள்: ராமேஸ்வரம், இரண்டு இரவு, ஒரே அறை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேல் ரயிலில் போகவேண்டும் என்பது அரக்கோணத்து அம்மாளின் நிபந்தனை.

கடத்தூர் அம்மாளுக்கு நிபந்தனை எதுவும் இல்லை. "நான் கொறட்டை விடுவேன், அத முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிப்புட்டேன்" என்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்