பசுவுக்கு முன் புல்

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் மாலை அணிவித்து, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டும் படங்களை ஊரிலிருந்து உறவினர் அனுப்ப நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஆண்டில் ஒரு நாள். எஞ்சிய 364 நாள்களும் மாட்டுக்கு இரை வேண்டும், நீர் வேண்டும். அந்த நாள்களை எண்ணிப் பாராமல் மாட்டைப் போற்றுவது நிறைவாகாது என்பது என் கருத்து.

திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களும் அவற்றை அடுத்த கரூர், ஈரோடு மாவட்டங்களின் சில பகுதிகளும் மழை குறைந்தவை. அங்குள்ள உழவர் பலர் தம் நிலத்தில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்துள்ளனர். அதற்குக் கொறங்காடு என்று பெயர். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்ளாலான உயிர்வேலி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கொறங்காடு. வேலி இருப்பதால் மேய்ப்பவர் உடனில்லாமலே மாடுகள் மேயும். புகழ்பெற்ற காங்கேயம் மாடுகள் இத்தகைய நிலத்தில் வளர்ந்தவையே.

கொறங்காட்டுக்குப் புதுவாழ்வு தருவது ஐப்பசி மழை. காய்ந்து கிடந்த புல் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஆயினும் உழவர் உடனே எல்லா மாடுகளையும் அதில் விடுவதில்லை. நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து, மற்றொன்றைப் புல் உயரும்வரை மூடி வைப்பார். தை மாதம் வரை பசுமைக்குக் குறைவில்லை. மாசி, பங்குனியில் புல் காயத் தொடங்கும். அப்போது சேமித்து வைத்த சோளத்தட்டும் வெள்வேலங்காயும் கைகொடுக்கும். சித்திரை வெயிலில் அம்மரத்தின் நிழலே மாடுகளுக்குக் கூரை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தட்டுப் போர் நாளுக்கு நாள் குறைய, உழவர் மீண்டும் வானத்தைப் பார்ப்பார்.

பருவம் மாறினாலும் வேலை மாறுவதில்லை. விடியுமுன் எழுந்து சாணம் அள்ள வேண்டும். பால் கறக்க வேண்டும். தொட்டியில் நீர் நிரப்ப வேண்டும். கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட வேண்டும். பசு நள்ளிரவில் கன்று ஈன்றாலும் அருகில் இருந்து, கன்று சீம்பால் குடிப்பதைப் பார்த்த பின்பே உறங்க முடியும். காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறக்கும். ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த மாற்றத்தை நாள்தோறும் காண்பவர்க்கு அக்கன்று வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிடுகிறது.

அப்படியிருந்தும் கொறங்காடுகள் குறைந்து வருகின்றன. காரணங்கள் எளியவை. காங்கேயம் காளைகள் ஏருக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றவை. டிராக்டர் வந்தபின் அந்தத் தேவை சுருங்கியது. பசுவோ கலப்பினப் பசுவைவிடக் குறைவாகவே பால் தரும். மேய்ச்சல் நிலத்தை வீட்டுமனையாக விற்றால் ஒரே நாளில் பெருந்தொகை கிடைக்கும். பிள்ளைகளும் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுவிடுகின்றனர். நிலத்தை விற்பவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் படிப்புச் செலவும் மருத்துவச் செலவும் முன்னிற்கும்போது, ஊரின் பெருமையை அவர் ஒருவரே சுமக்க வேண்டும் என்பது நியாயமன்று.

2017 ஜனவரியில் சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர்கள் பெருந்திரளாகக் கூடினர். சல்லிக்கட்டுக்கு இருந்த தடை நீங்க வேண்டும், நாட்டு மாடுகளைக் காக்க வேண்டும் என்று குரல் எழுப்பினர். காளைக்காக எழுந்த அந்தக் குரல் புல்லுக்காகவும் எழ வேண்டும். மேய்ச்சல் நிலம் மறைந்தால், மாட்டினம் படங்களிலும் சிலைகளிலும் மட்டுமே எஞ்சும். கொறங்காட்டைக் காப்பவருக்கு அரசு உதவித்தொகை தரலாம். நாட்டுப் பசுவின் பாலுக்கு உரிய விலை கொடுக்க, வாங்குவோரும் முன்வரலாம்.

பழந்தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் ‘செல்வம்’ என்னும் பொருளும் உண்டு. அச்செல்வம் புல்லில் விளைகிறது. தொலைவில் வாழும் நீங்கள் அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, மாட்டைத் தடவிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். அது எங்கே மேய்கிறது, கோடையில் என்ன தின்கிறது என்று வளர்ப்பவரிடம் கேளுங்கள். மாட்டின் மீது நமக்குள்ள அன்பு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.

சிந்தித்து எழுதுக

1. நிலத்தை விற்கும் உழவரைக் குறை கூறுவது நியாயமன்று என ஆசிரியர் கருதுவது ஏன்? இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா?
2. நீங்கள் வாழும் மாநிலத்தில் மாடுகளுக்குக் கோடையில் என்ன தீவனம் தருகின்றனர் என்பதைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.