இறால் மேல் பழி போடாதீர்கள்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் போன மாதம் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பெரியப்பா மகனுக்கு இறால் தொக்கு வைக்க வந்த பையனைச் சித்தப்பா கை நீட்டித் தடுத்தார். "வாயைக் கட்டாததால வந்த வினைடா இது. இன்னும் என்ன இறாலு?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெறும் ரசத்தைப் பிசைந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனுக்கு வயது நாற்பத்தொன்று. வயிறு முதுகோடு ஒட்டிய உடம்பு. ஏரியில் வலை போடத் தன் முறையான 'பாடு' வரும் நாளில் சுத்துவலையோடு ஏரிக்குள் போனால் இரவெல்லாம் தண்ணீரில்தான். பீடி இல்லை, குடி இல்லை. அவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 230. சீட்டைப் பார்த்த மருத்துவர், "மீன்பிடித் தொழிலா? இறால், நண்டை நிறுத்துங்க" என்று அனுப்பிவிட்டார். உங்கள் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: பெரியப்பா நாற்பத்தாறு வயதில், வலை இழுத்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அவரும் ஒல்லிதான்.

உழைக்கிறவனுக்குக் கொழுப்பு ஏறாது, ஏறினால் அது தின்ற கொழுப்பு என்று படித்தவர், படிக்காதவர் எல்லாரும் சாதிக்கிறார்கள். சுத்தப் பொய். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மற்ற உறுப்புகளும் தாமே தயாரிக்கின்றன. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. படகு கட்டத் துறை இல்லாவிட்டால் படகு தண்ணீரிலேயே கிடக்கும். ஏற்பி குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே கிடக்கும். இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985லேயே நோபல் பரிசு கொடுத்தாகிவிட்டது. ஏற்பியின் மரபணுவில் பிறவியிலேயே பழுதோடு வருகிறவர்கள் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர். எல்.டி.எல். 190ஐத் தாண்டினாலே குடும்பத்தை விசாரி என்பது மருத்துவப் பாடம். அண்ணனுக்கு 230. பெற்றவருக்கு இந்தப் பழுது இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழி சொன்ன சித்தப்பாவும் பெரியப்பாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். சித்தப்பா இன்றுவரை ரத்தம் கொடுத்துப் பார்த்ததில்லை.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஏறும். அதையாவது யாராவது பார்த்தார்களா? இல்லை. இறால் கையில் கிடைத்துவிட்டது, போதும்.

குப்பத்துக்காரன் இறாலைத் தின்றே கெட்டான் என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் விடியலில் கரையில் வந்து நிற்கட்டும். பெரிய இறாலும் பச்சை நண்டும் வலையை விட்டு இறங்கியதும் எடை போட்டு, ஐஸ் தட்டி, வியாபாரியின் பெட்டிக்குள் போய்விடும். வீட்டுச் சட்டியில் வேகிறது கிழங்கானும் பொடிமீனும். சென்னைக்காரன் தின்னும் இறாலுக்குப் பிடித்தவன் குற்றவாளியா? இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, நூறு கிராமில் 150 மில்லிகிராமுக்கு மேலேயே. ஆனால் எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது இறாலில் மிகக் குறைவு. அந்தக் கொழுப்பு பாதிக்கு அருகில் இருக்கும் பாமாயிலை ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு அரசே கொடுக்கிறது. அதைப் பற்றிப் பந்தியில் யாரும் வாய் திறப்பதில்லை. கடையிலோ 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய்ப் பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்கள். செடியில் வரும் எந்த எண்ணெயில்தான் கொலஸ்ட்ரால் இருந்தது?

இன்னொரு கூட்டம் வெந்தயமும் பூண்டும் போதும், இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று அண்ணனைப் பயமுறுத்தி வைத்திருக்கிறது. அவர்கள் பயமுறுத்தும் அந்த மாத்திரை ஸ்டாட்டின் வகை. அந்த வகையின் முதல் மருந்தை 1970களில் ஜப்பானின் அகிரா எண்டோ எடுத்தது அரிசியில் பூத்த பூஞ்சணத்திலிருந்து. ஏற்பி குறைந்த உடம்புக்கு வெந்தயம் எந்த மூலைக்கு? நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மாரடைப்போடு வருகிறவருக்கு உடனே கொடுக்கும் மாத்திரைகளில் இதே வகையான அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று. விழுந்தவனுக்குக் கொடுப்பதை விழாமல் இருக்கக் கொடுத்தால் மட்டும் விஷமா? பெரியப்பாவுக்கு யாரும் கொடுக்கவில்லை.

வீடு தேடி வரும் அரசு மருத்துவத் திட்டம் பி.பி.யையும் சுகரையும் பார்க்கிறது. நல்ல காரியம். கூடவே நாற்பதுகளில் அப்பனைப் பறிகொடுத்த வீடுகளைக் குறித்துக்கொண்டு, அந்த வீட்டார் எல்லாருக்கும் ஒரே ஒரு முறை கொலஸ்ட்ரால் பார்க்கட்டும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிற ஊர்களில் இது கட்டாயம் வேண்டும். இரண்டு பக்கமும் பழுது இருந்து பிறக்கிற குழந்தைக்குப் பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைப் பத்து வயதுக்குள் சோதிக்க வேண்டும் என்பதால் அண்ணியிடம் சொன்னேன். "பொண்ணுக்கு நோயின்னு ஊரு பேசினா நாளைக்கு யாரு தம்பி கட்டுவாங்க?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. புருஷனை நடுப்பந்தியில் ஊர் என்ன பேசியது என்று பார்த்தவர் வேறெப்படிச் சொல்வார்? அடுத்த வாரம் அண்ணனையும் மகளையும் ரத்தம் பார்க்கப் பொன்னேரிக்கு நானே அழைத்துப் போகிறேன்.