குறுவை வெயிலும் சிறுநீரகக் கல்லும்: எதை, எவ்வளவு குடிக்க வேண்டும்?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டி, திருவிடைமருதூர் பகுதியில் குறுவை வேலைகள் தொடங்கிவிடும். வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று நாள் எண்ணும் நாம், நம் உடம்புக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவுதான். ஆனால் வெயில் எல்லோரையும் ஒரே நாளில் சாய்ப்பதில்லை. பலருக்குச் சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. தமிழக விவசாயத் தொழிலாளர்களிடம் 2023-ல் நடத்திய ஆய்வில், 100-க்கு 5 பேருக்கு நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு தெரியவந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் உழைப்பது முக்கியமான சந்தேகமாக இருக்கிறது.

கல் எப்படி உருவாகிறது?

வியர்வையாக நீர் வெளியேறினால் சிறுநீர் குறையும், கெட்டியாகும். அப்போது அதிலுள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகின்றன. "எங்கள் போர் தண்ணீரால்தான் கல் வருகிறது" என்று பலர் சொல்கிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மையைவிட, போதுமான அளவு குடிக்காததே பெரிய காரணம்.

எவ்வளவு குடிப்பது?

கல் வராமலிருக்க நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும். வயலில் வேலை செய்பவர் இதற்கு 4 லிட்டருக்கு மேலும் குடிக்க வேண்டியிருக்கும். வெயிலில் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

எதைக் குடிப்பது?

* தண்ணீர்தான் முதலில். நீராகாரம், நீர்மோர் நல்லவை. உப்பை அளவாகப் போடுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.
* எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்க உதவும். சர்க்கரையைக் குறையுங்கள்.
* கல் வந்துவிட்டதென்று பால், தயிரை நிறுத்த வேண்டாம். உணவிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.
* வாழைத்தண்டு உணவாக நல்லது. பெரிய கல்லைக் கரைத்துவிடும் என்று நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.
* கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் தண்ணீருக்கு மாற்று அல்ல. உரிய கலவை இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உண்மையான உப்புக் கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். அதிகம் வியர்த்துத் தளர்ந்தால், பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்.

நிலம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நடவுக்கு வரும் பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரை அடக்குவதால் தொற்றும் வரும். வரப்போரம் குடிதண்ணீர்க் குடம் வைப்பதோடு, நான்கு கழி நட்டு, தார்ப்பாய் கட்டி ஒரு மறைப்பும் அமைத்துக் கொடுங்கள். கடும் வெயில் நாட்களில் விடியற்காலையில் தொடங்கி 11 மணிக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள்.

எச்சரிக்கை

உடம்பு வலிக்காகத் தினமும் வலி மாத்திரை போடுவது, அதுவும் நீர்ச்சத்து குறைந்திருக்கும்போது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் தண்ணீர், இளநீர் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் கடும் வலி, சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு குளிர் நடுக்கம், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.