ஃப்ரிட்ஜுக்கும் பொண்டாட்டிக்கும் என்னய்யா சம்பந்தம்?

தலைப்பைப் பார்த்துட்டு கடி ஜோக்குன்னு நினைச்சு வந்திருந்தா மன்னிக்கணும் மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன்.

வீட்டுல மாவு பொங்கி வழிஞ்சாலும் சரி, ஃப்ரீசர்ல பாட்டில் வெடிச்சாலும் சரி, முதல்ல வர்ற கேள்வி ஒண்ணுதான்: "நீ என்ன பண்ணிட்டு இருந்தே?" அந்த "நீ" யாருன்னு நான் சொல்லவே வேணாம். வீட்டுல நாலு பேர் இருந்தாலும் அது ஒருத்தரை மட்டும்தான் குறிக்கும். என் கட்சி என்னன்னா, இந்த விபத்துல பெரும்பாலானதுக்குக் காரணம் சமைக்கிறவங்களோட கவனக்குறைவு இல்லை. சமைக்காதவங்களோட அறியாமை!

ஆதாரம் வேணுமா? நான் தங்கியிருக்கிற அக்கா வீட்டையே எடுத்துக்குவோம். அக்கா, மாமா, எட்டு மாசக் குழந்தை.

கேஸ் 1: மாமாவோட நண்பர்கள் வந்தாங்க. சீக்கிரம் சில்லாகட்டும்னு மாமா கண்ணாடி சோடா பாட்டிலை ஃப்ரீசர்ல வெச்சார், மறந்தார். தண்ணி உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், இது ஸ்கூல் பாடம். கண்ணாடி விரியாது. ராத்திரி டமால். துண்டு பொறுக்கினது அக்கா. கூடவே இலவச இணைப்பா, "ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா?"

கேஸ் 2: அப்போ இருந்தது பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். ஃப்ரீசர்ல ஐஸ் மலை மாதிரி கட்டியிருந்தது. மாமா கத்தியை எடுத்துக் குத்தினார். அந்த மாதிரி ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர் பெட்டியோட சுவருக்குள்ளேயேதான் கேஸ் ஓடும். உஸ்ஸ்ஸ்... ஃப்ரிட்ஜ் காலி. இப்போ நிறைய ஃப்ரிட்ஜ்ல ஓடுறது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற வாயு. நல்லவேளை, பக்கத்துல அடுப்பு எரியலை. தீர்ப்பு? "மாசாமாசம் நீ டிஃப்ராஸ்ட் பண்ணியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

கேஸ் 3: இதுக்குத்தான் இந்தப் பதிவே.

2017-ல் திருத்தின சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் பேறுகால விடுப்பு. அது முடிஞ்சு அக்கா வேலைக்குப் போனா. மதியச் சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு தாய்ப்பால் எடுத்து, ஐஸ் பையில கொண்டு வந்து, தேதி எழுதி புது டபுள் டோர் ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர்ல அடுக்கி வைப்பா. மொத்தம் பதினாலு பாக்கெட் சேர்ந்திருந்தது. ஒருநாள் ராத்திரி யாரோ ஐஸ்க்ரீம் டப்பாவைத் திணிச்சாங்க. டப்பா துருத்திக்கிட்டு இருந்ததால கதவு முழுசா மூடலை. காலையில பதினாலும் உருகி, குளிர்ச்சிகூட இல்லாமக் கிடந்தது. உருகின தாய்ப்பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. அத்தனையும் சிங்க்குல போச்சு. அக்கா அழலை, ஒண்ணொண்ணா வெட்டி ஊத்தினா. பின்னாடியிருந்து ஒரு குரல்: "படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல?"

ஏன்யா, அந்த வீட்டுல கண்ணு இருக்கிறது ஒருத்திக்குத்தானா?

"ஆம்பளைக்கு கிச்சன் சமாச்சாரம் எப்படித் தெரியும்"னு சப்பைக்கட்டு கட்டாதீங்க. மாமா ஆபீஸ் சர்வர் ரூம்ல ரெண்டு டிகிரி ஏறினாலே கண்கொத்திப் பாம்பா எழுந்து ஓடுறவர். குளிர்ச்சி போனா என்ன ஆகும்னு அவருக்கா தெரியாது? தெரிஞ்சுக்க வேணாம்னு இருக்கார். ஏன்னா தெரிஞ்சா பொறுப்பு வந்துடும்.

அரசாங்கமே கணக்கெடுத்திருக்கு. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யுற பெண்கள் செலவழிச்சது நாளுக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97. 2024 ஆய்வுல பெண்களுக்கு 289. அடடா, பத்து நிமிஷம் மிச்சம்னு கைதட்டிடாதீங்க, ஆண்கள் கணக்கும் 88-க்கு இறங்கிடுச்சு!

"எங்க காலத்துல ஃப்ரிட்ஜே கிடையாது"ன்னு பெரியவங்க சொல்வாங்க. வாஸ்தவம்தான். ஆனா மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வைக்கணும்னு அன்னிக்கும் ஒருத்தரேதான் ஞாபகம் வெச்சிருந்தாங்க!

திட்டினா மட்டும் போதாது. ஃப்ரிட்ஜைத் திறக்கக் கை உள்ள எல்லாருக்கும் ஒரு சிலபஸ் தர்றேன். அரை மணி நேரத்துல படிச்சிடலாம்.

1. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி, கீழே 4 டிகிரிக்குள்ள இருக்கணும். உறைய வெச்சா கிருமி சாகாது, தூங்கும். அதனால கறியை மேடையில போட்டு உருக விடாதீங்க. முதல் நாளே கீழ்த்தட்டுக்கு மாத்துங்க.

2. எதை உறைய வெச்சாலும் டப்பாவுல இடம் விடுங்க. சோடாவை ஃப்ரீசர்ல வைக்கவே வேணாம்.

3. ஐஸை எடுக்கக் கத்தி வேணாம். சுவிட்சை அணைச்சு, கதவைத் திறந்து, உள்ளே ஒரு பாத்திரம் சுடுதண்ணி வைங்க.

4. கரண்ட் போனா திறந்து திறந்து பார்க்காதீங்க. மூடியே இருந்தா நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சது 24, கீழ்ப்பகுதி 4 மணி நேரம்தான். 2023 மிக்ஜாம் புயலப்போ நாள்கணக்குல இருட்டுல இருந்த சென்னைக்காரங்களுக்கு இதோட அருமை புரியும்.

5. வடிச்ச சாதத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க. வெளியே கிடந்தா அதுல பாக்டீரியா உண்டாக்குற ஒரு நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

6. கதவைச் சாத்தினதும் ஒருமுறை இழுத்துப் பாருங்க. ஒரு நொடி வேலை. பதினாலு பாக்கெட் மிஞ்சியிருக்கும்.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகும் பாட்டில் வெடிக்கத்தான் செய்யும், மனுஷங்கதானே. ஆனா அப்போ கேக்க வேண்டிய கேள்வி "நீ என்ன பண்ணிட்டு இருந்தே" இல்லை, "யார் வெச்சது?" வெச்சவங்களே துடைப்பம் எடுக்கட்டும்.