வெள்ளம், பனி, குழப்பம்: எல்லை மலைகளில் நிவாரணம் பேசும் மொழி

பேரிடர் நிவாரணத்தை ஒருங்கிணைப்போர் கையில் ஓர் அட்டவணை இருக்கும். யார், என்ன, எங்கே என்பவை அதன் பத்திகள். எந்த நிறுவனம், எத்தனை கழிப்பறை, எந்த முகாம் என்று கட்டங்களை நிரப்பிக்கொண்டே போகலாம். சிலவற்றில் எப்போது, யாருக்கு என்னும் பத்திகளும் சேரும். எந்த மொழியில் என்னும் பத்தி மட்டும் வழக்கமாக இராது. அந்த ஒரு பத்தியின் இன்மை, இடுக்கியிலும் பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் மற்றப் பத்திகள் அனைத்தையும் பயனற்றதாக்க வல்லது.

இதை மிகை என்று கருதுவோர் மூன்று சொற்களை எண்ணிப் பார்க்கட்டும். மலையாளத்தில் 'வெள்ளம்' தண்ணீர். தமிழில் ஊரை அழிக்கும் பெருக்கு. மலையாளத்தில் 'பனி' காய்ச்சல்; தமிழில், அதுவும் மூணாற்றுத் தமிழில், தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் குளிர். மலையாளத்தில் 'குழப்பம்' சிக்கல் அல்லது கோளாறு, தமிழில் மனத்தெளிவின்மை. வெள்ளத்துக்குப் பிந்திய எலிப்பனி குறித்த எச்சரிக்கையிலும், தண்ணீரில் குழப்பம் உண்டா என்னும் கணக்கெடுப்பு வினாவிலும் இச்சொற்கள் வந்தே தீரும்.

இம்மூன்றும் எளியவை. இடுக்கித் தமிழர் எவரும் 'வெள்ளம்' என்ற சொல்லால் ஏமாறப் போவதில்லை. சந்தையும் பேருந்தும் அதனை என்றோ கற்பித்துவிட்டன. இடர் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து மலையாளத்தில் 'அணுநாசினி', தமிழில் கிருமிநாசினி. அங்கே 'திளப்பிச்ச வெள்ளம்'. இங்கே கொதிக்கவைத்த தண்ணீர். அங்கே 'மலினஜலம்', இங்கே சாக்கடைத் தண்ணீர். இவை சந்தைப் பேச்சில் வருபவை அல்ல. அறிவிப்புப் பலகையிலும் மருந்துச் சீட்டிலும் வருபவை. பேச்சு மலையாளம் தெரிந்தவர் அனைவருக்கும் மலையாள எழுத்து வாசிக்க வரும் என்பது மற்றொரு பிழையான ஊகம். தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர், பள்ளிக்கே போகாமல் கொழுந்து பறிக்கப் போன மூத்த பெண்கள், மணமாகி மலையேறி வந்தவர் ஆகியோர் மலையாளத்தைக் கேட்டு ஓரளவு உணர்வர். சுவரில் ஒட்டிய தாளை அவர்கள் எவ்வாறு வாசிப்பர்?

"எல்லோருக்கும் மலையாளம் புரியும்" என்பது நிவாரணப் பணியில் இருப்போர் நல்லெண்ணத்தோடு சொல்லும் வாசகம். நெருங்கிய உறவுடைய மொழிகளுக்கு இடையில்தான் இந்த நல்லெண்ணம் மிகுந்த கேடு செய்கிறது. முற்றிலும் அயலான மொழியைக் கேட்பவர் புரியவில்லை என்பார், மொழிபெயர்ப்பாளர் வருவார். பாதி புரிந்தவரோ தலையசைப்பார். அத்தலையசைப்பு இசைவாகப் பதிவாகும். 2017-இல் மியான்மரிலிருந்து வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு லட்சக்கணக்கான ரோஹிங்கியர் இடம்பெயர்ந்தபோது நேர்ந்தது இதுவே. அவர்கள் மொழியும் உள்ளூர்ச் சிட்டகாங் மொழியும் ஏறக்குறைய ஒன்றே என்று உதவி நிறுவனங்கள் கொண்டன. பின்னர் நடந்த மொழி ஆய்வுகள், எளிய வாக்கியங்களையே கணிசமானோர் புரிந்துகொள்ளவில்லை என்று காட்டின. அதன் பிறகே நீர், துப்புரவு, சுகாதாரம் பற்றிய சொற்களைப் பல மொழிகளில் தரும் சொற்களஞ்சியம் அம்முகாம்களுக்கு உருவாயிற்று. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையிலுள்ள உறவு, இந்த எச்சரிக்கையைப் பெருக்கவே செய்கிறது.

இனி நிலத்துக்கு வரலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டம் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் மீது மலை சரிந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. மாண்டோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பூர்விகம். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் சென்றது. அன்றிரவே கரிப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தோர்க்கு 10 லட்சமும், பெட்டிமுடியில் இறந்தோர்க்கு 5 லட்சமும் அறிவிக்கப்பட்ட வேறுபாடு பரவலாகப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதே. ஆனால் பிழைத்தவர்கள் அடுத்த வாரம் எந்த ஓடைத் தண்ணீரைக் குடித்தனர், எத்தனை பேர் ஒரு கழிப்பறையைப் பகிர்ந்தனர், அதைப் பற்றி அவர்களிடம் யார் எம்மொழியில் கேட்டனர் என்னும் வினாக்கள் அவ்வளவு உரத்து ஒலிக்கவில்லை. இறந்தோரை எண்ணுவதற்கு மொழி வேண்டாம். பிழைத்தோரைக் கேட்பதற்கு வேண்டும்.

தோட்டத் தொழிலாளியின் இடம்பெயர்வுக்குத் தனித்த இயல்பு உண்டு. லயம் இடிந்தால் அவர் பள்ளிக்கூட முகாமுக்கு வருவது ஒரு வழி. அடுத்த டிவிஷனில் உள்ள அக்காள் வீட்டு லயத்துக்குப் போய்விடுவது மற்றொரு வழி. ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டில் இரு குடும்பங்கள் தங்கும். முகாம்ப் பதிவேட்டில் பெயர் இல்லாத அக்குடும்பத்துக்கு முகாம்க் கணக்கில் வரும் தண்ணீரும் சோப்பும் வருவது எங்ஙனம்? மேலும், லயத்துக் குடிநீருக்கும் கழிப்பறைக்கும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியையே பொறுப்பாக்கிற்று. அதனால் பஞ்சாயத்து எஸ்டேட்டைக் கைகாட்டும். எஸ்டேட் பேரிடர் மேலாண்மை ஆணையத்தைக் கைகாட்டும். ஓடை வனத்துக்குள் இருந்தால் வனத்துறையும் சேரும். ஒருங்கிணைப்பு என்பது இத்தனை பேரையும் ஒரு மேசையில் அமர்த்துவது. அம்மேசையில் லயத்துப் பெண் ஒருத்தி அமர்ந்தாலும், கூட்டத்தின் மொழி அவளுக்குப் புரியாவிடில் அவள் வெறும் பார்வையாளர்தான். 2010-இல் ஹெய்தி நிலநடுக்கத்துக்குப் பின் ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தமையால் உள்ளூர் அமைப்புகள் விலகி நின்றன என்பது நிவாரண இலக்கியத்தில் பலமுறை சுட்டப்பட்ட குறை. அக்குறை கடல் கடந்துதான் நேரும் என்பதில்லை.

உலகளவில் ஏற்கப்பட்ட ஸ்பியர் கையேடு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், தொடக்கத்தில் 50 பேருக்கும் பின்னர் 20 பேருக்கும் ஒரு கழிப்பறை என்று அளவு சொல்கிறது. எண்கள் நல்லவை, சரிபார்க்க இயல்பவை. எனினும் அக்கையேடு ஏற்றுக்கொண்ட மனிதநேயப் பணிக்கான அடிப்படைத் தரநெறி, பாதிக்கப்பட்டோர்க்கு எளிதில் விளங்கும் மொழியிலும் வடிவிலும் செய்தி சேர வேண்டும் என்றும் கூறுகிறது. அறிக்கைகளில் முன்னது எண்ணாகிறது. பின்னது முன்னுரையோடு நின்றுவிடுகிறது.

விளைவை 2018-ஐக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் முழுவதும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் தங்கினர். இடுக்கியில் நூற்றுக்கணக்கான நிலச்சரிவுகள் நேர்ந்தன. பாலக்காட்டின் நெல்லியாம்பதிக்குச் செல்லும் சாலை பல இடங்களில் அறுந்து, தேயிலை, காப்பித் தோட்டங்களைக் கொண்ட அம்மலை நாட்கணக்கில் துண்டுபட்டுக் கிடந்தது. வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் பரவிற்று. சேற்றிலும் நீரிலும் இறங்குவோர் டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராமை வாரம் ஒருமுறை, உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும் என்று சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அளவு, இடைவெளி, உணவுக்கு முன்னா பின்னா, கர்ப்பிணி உட்கொள்ளலாமா என நான்கு செய்திகள் அதில் அடங்கும். நான்கில் ஒன்று தவறினாலும் மருந்து வீணாகும், அல்லது தீங்காகும். கிணற்றில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் இடுவது, எத்தனை நேரம் கழித்து இறைப்பது என்பதும் அத்தகையதே. இவற்றைப் பாதி புரிந்துகொள்வது, புரியாமல் இருப்பதைக் காட்டிலும் கேடானது.

செய்தி மேலிருந்து கீழே இறங்குவதோடு முடிவதில்லை. கீழிருந்து மேலேயும் ஏற வேண்டும். சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையை நினைவுகூர்வது இங்குத் தகும். அங்கே நேர்ந்தது பேரிடர் அன்று, ஆலை. ஆயினும் நீர் பற்றிய அறிவு எம்மொழியில் முதலில் பிறக்கிறது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று அரிது. தண்ணீரின் சுவை கெட்டது, சோறு சரியாக வேகவில்லை, உடம்பு அரிக்கிறது என்று மயிலம்மா முதலிய பழங்குடிப் பெண்கள் சொல்லிக் கொக்கோ-கோலா ஆலைக்கு முன் அமர்ந்தது 2002 ஏப்ரலில். ஆலைக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக ஆய்வகம் காட்டியது 2003-இல். ஆய்வகத்துக்கு ஓராண்டு முன்பே எரவாளப் பெண்களின் பேச்சில் அந்த அறிக்கை வெளியாகியிருந்தது. அதைப் பதிந்துகொள்ளும் படிவம்தான் எந்த அலுவலகத்திலும் இல்லை. முகாமில் "குழப்பம் உண்டோ" என்று கேட்டு, "குழப்பமில்லை" என்னும் மறுமொழியைக் குறித்துக்கொண்டு அடுத்த கூடாரத்துக்கு நகரும் கணக்கெடுப்பாளரும் அவ்வாறே ஓர் அறிக்கையைத் தவறவிடுகிறார்.

சட்டம் இல்லையா என்றால், உண்டு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதம் எழுதலாம் என்றும், அம்மொழியிலேயே மறுமொழி தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். அரசமைப்பின் 350-ஆம் கூறு, குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது. இவற்றின் போதாமை ஒன்றே: இவை கடிதம் எழுதுபவனுக்கு மறுமொழி பெறும் உரிமையைத் தருகின்றன. நள்ளிரவில் மலை சரிந்து ஈரச் சேலையோடு பள்ளி வராந்தாவில் அமர்ந்திருப்பவள் மனு எழுதப் போவதில்லை. அவளிடம் அரசே முதலில் பேச வேண்டும், அவள் மொழியில். மறுமொழிக் கடமையைப் பேரிடர்க்காலத்தில் முன்மொழிக் கடமையாக்குவதே தேவை.

அவசரத்தில் மொழிபெயர்க்க நேரமேது என்பர். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும் என்பது எவரும் அறியாத மறையன்று. இயலாது என்பதும் பொருந்தாது. 2020 ஊரடங்கின்போது இதே கேரளம், 'விருந்தினர் தொழிலாளர்' என்று தான் பெயரிட்டழைத்த மக்களுக்கு இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் நோய்த்தடுப்புச் செய்திகளை அளித்தது, பாராட்டவும் பெற்றது. விருந்தினருக்கு இயன்றது, தலைமுறைகளாக அங்கேயே வாழும் குடிமகளுக்கு ஏன் இயல்பாகக் கூடாது?

தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து எழும் குரல்களுக்கும் ஒரு சொல். தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் 1956-இல் எம்மாநிலத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்னும் வழக்கைப் பெட்டிமுடியின் சேற்றில் நின்று மீண்டும் திறப்பது பிழைத்தவருக்கு ஒரு வாளித் தண்ணீரையும் தராது. தமிழில் குடிநீர் எச்சரிக்கை கேட்பது எல்லையை மாற்றக் கேட்பதன்று. அவ்விரண்டையும் கலப்பவர், கோரிக்கையை மறுக்க அதிகாரிக்கு எளிய காரணம் ஒன்றைக் கையளிக்கின்றனர். அதுபோலவே 'குளோரினேற்றம்', 'நீர்வழித் தொற்று', 'மலக்கசடு மேலாண்மை' என்று தூய தமிழில் அச்சிட்டு அனுப்புவதும் தீர்வன்று. லயத்தில் அது கக்கூஸ், பைப்பு, பிளீச்சிங் பவுடர். எடமலைக்குடியின் முதுவர் பேச்சையும் அட்டப்பாடியின் இருளர் மொழியையும் "தமிழ்தான்" என்று ஒரே கட்டத்தில் அடைப்பதோ, மலையாளம் தமிழுக்குச் செய்வதைத் தமிழ் அவற்றுக்குச் செய்வதாகும்.

பல்கலைக்கழகங்கள் இவ்விடத்தில் தப்ப இயலாது. எல்லைப்புறத் தமிழின் ஒலியன்களும் உறவுப்பெயர்களும் மொழிக்கலப்பும் ஆய்வேடுகளுக்குப் பொருளாகின்றன. தகவலாளிகளாக அமர்ந்து மணிக்கணக்கில் பேசித் தருபவர்கள் அந்த லயத்து மக்களே. அவர்கள் தந்த சொற்கள் பின்னிணைப்பில் உறங்குகின்றன. வயிற்றுப்போக்கு, மாதவிடாய்த் துணி, குழந்தை மலம், கலங்கல் தண்ணீர் ஆகியவற்றுக்கு டிவிஷன் தோறும் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றால் ஒருபக்கத் துண்டறிக்கை எழுதி, கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் ஆஷா பணியாளரிடமும் படித்துக்காட்டித் திருத்துவது ஒரு பருவத்து வேலை. அதற்கு மதிப்பெண் இல்லை, மேற்கோள் எண்ணிக்கை இல்லை. அதனாலேயே அது நடக்காமல் இருக்கிறதெனில், குற்றம் மாவட்ட நிர்வாகத்தினுடையது மட்டுமன்று.

செய்யத்தக்கவை எளியவை. ஒருங்கிணைப்பு அட்டவணையில் மொழிக்கு ஒரு பத்தி. அது நிரம்பாமல் எந்த நிறுவனத்தின் பணியும் முடிந்ததாகக் கணக்கில் வரலாகாது. மே மாத முடிவுக்குள் தமிழிலும் பழங்குடி மொழிகளிலும் சோதித்துப் பார்த்த அறிவிப்புகள். வாசிக்க இயலாதோர்க்கு ஒலிப்பதிவு. முகாம்தோறும் தமிழில் எழுதவும் சொல்லவும் ஒரு குறைப்பதிவேடு, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர். உறவினர் லயத்தில் தங்கியோரையும் எண்ணும் கணக்கு. எஸ்டேட், பஞ்சாயத்து, வனத்துறை மூன்றும் ஒப்பமிட்டு, எந்த லயத்துக்கு யார் தண்ணீர் என்று மழைக்கு முன்பே எழுதிய ஒரு தாள்.

இவற்றுள் ஒன்றுக்கும் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். தொட்டி நிரம்பியிருப்பதைக் கண்டு திரும்பும் அதிகாரி, அத்தண்ணீர் குடிப்பதற்கா கழுவுவதற்கா என்பதை அங்குள்ளோர் அறிவரா என்று ஒருமுறை அவர்கள் மொழியில் கேட்டாலே போதும். எஞ்சிய வேலை எவ்வளவு என்பது அவருக்கே விளங்கிவிடும்.