எர்த் இல்லாத வீட்டில் என்ன சங்கீதம்?

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பாட்டு நின்ற பிறகும் அது நிற்பதில்லை. இதற்கு மருந்தாக 30,000 ரூபாய்க்கு ஒரு நெட்வொர்க் கேபிள் வாங்கச் சொல்கிறவர் உங்கள் நண்பராக இருந்தால், அவருக்குக் கடன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரராக இருந்தால், பர்ஸைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

2019-ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. 2021-ல் ஆப்பிள் மியூசிக் 'லாஸ்லெஸ்' ஒலியைக் கொண்டுவந்தது. கேசட்டும் சி.டி.யும் பரணுக்குப் போய்விட்டன. பாட்டு இப்போது இன்டர்நெட் வழியாக வீட்டுக்குள் வருகிறது. கூடவே ஒரு புது வியாபாரமும் வந்துவிட்டது. 'உங்க நெட்வொர்க்ல நாய்ஸ் இருக்கு சார். அதான் மிருதங்கம் மங்கலாக் கேக்குது' என்று சொல்லி ஸ்பெஷல் கேபிள், ஸ்பெஷல் ஸ்விட்ச், ஸ்பெஷல் ஃபில்டர் என்று விற்கிற வியாபாரம்.

பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மாதிரி கணக்கைப் பார்ப்போம். இன்டர்நெட்டில் வருவது பாட்டு அல்ல, எண்கள். சி.டி. தரத்தில் ஒரு பாட்டு என்றால் ஒரு வினாடிக்கு 44,100 முறை, ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு சானல். பெருக்கினால் வினாடிக்கு 14 லட்சம் பிட் சொச்சம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கேபிள் 100 மீட்டர் தூரத்துக்கு வினாடிக்கு 100 கோடி பிட் கொண்டுபோகும். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டை முழுக்கக் காலி செய்து ஒரே ஒரு சைக்கிளை நிறுத்துகிற மாதிரி.

அந்த எண்கள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தோடும் சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகை உண்டு. நம் டிரயல் பேலன்ஸ் மாதிரிதான். டாலி ஆகாவிட்டால் அந்தப் பொட்டலம் குப்பைக்குப் போகும், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும். எண் சரியாக வரும், அல்லது வராது. வராவிட்டால் பாட்டு திக்கும், நிற்கும். 'கொஞ்சம் மங்கலாக' வருவது என்பது இதில் கிடையாது. வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட்டைப் பட்டுத்துணியில் அச்சடித்தால் பேலன்ஸ் கூடுமா என்ன?

2008-ல் டெனான் கம்பெனி நெட்வொர்க் கேபிள் போலவே இருந்த ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு 499 டாலர் விலை வைத்தது. எந்தத் திசையில் மாட்ட வேண்டும் என்று அதில் அம்புக்குறி வேறு. கிரிவலத்துக்குத் திசை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கேபிளுக்கு ஏது? எண்கள் இரண்டு பக்கமும் போய் வந்தால்தானே 'மறுபடி அனுப்பு' என்று கேட்கவே முடியும்!

நியாயமாகப் பேசுவோம். வியாபாரி சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. எண்கள் கெடாது. ஆனால் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே மின் இரைச்சலும் ஏறி வந்து ஆம்ப்ளிஃபையரைத் தொடலாம். உண்மைதான். அதனால்தான் ஈதர்நெட் இணைப்பை வடிவமைத்தவர்கள் உள்ளேயே குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இரண்டு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைத்தார்கள். 1,500 வோல்ட் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அதையும் மீறிச் சந்தேகமா? வைஃபையில் கேளுங்கள், கம்பியே இல்லை. அல்லது நடுவில் ஒரு துண்டு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. வேடிக்கை என்னவென்றால், விலை கூடிய கேபிள்களில் உலோகக் கவசம் இருக்கும். அது இரண்டு முனையிலும் உலோகத்தைத் தொட்டால் இரண்டு பெட்டிகளின் எர்த்தையும் இணைத்து, இல்லாத இரைச்சலை உண்டாக்கிவிடவும் கூடும். காசு கொடுத்து வாங்கின வியாதி.

நம்பாதவர்களுக்குக் காசில்லாத ஒரு சோதனை. பாட்டு ஓடும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஏற்கெனவே சேர்த்து வைத்த எண்களை வைத்துப் பாட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அப்போதும் அந்த 'ம்ம்ம்' இருந்தால் குற்றவாளி கேபிள் அல்ல.

பின் யார்? அந்த 'ம்ம்ம்' பெரும்பாலும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சுருதி, அல்லது அதன் இரட்டிப்பான 100. ஒரு பெட்டி ஒரு பிளக்கிலும் இன்னொன்று அடுத்த அறைப் பிளக்கிலும் இருக்கும். இரண்டு எர்த்துக்கும் இடையே சின்ன வித்தியாசம். அந்த வித்தியாசம் ஆடியோ ஒயர் வழியாக ஓடி ஸ்பீக்கரில் பாடுகிறது. எல்லாவற்றையும் ஒரே போர்டில் மாட்டினால் பாதி வீடுகளில் கச்சேரி முடிந்துவிடும். 'ம்ம்ம்'முக்குப் பதிலாக 'ஜிர்ர்' என்று கேட்டால் மலிவு விலை மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, திருகி வேகம் மாற்றுகிற ஃபேன் ரெகுலேட்டர் மீது சந்தேகப்படுங்கள். பழைய ஏ.எம். டிரான்சிஸ்டர் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, வீட்டைச் சுற்றி வாருங்கள். திருடன் பக்கத்தில் போனதும் அது கத்தும்.

இன்னொரு பழைய எதிரி இன்வெர்ட்டர். 2008 முதல் 2013 வரை தமிழ்நாட்டை இருட்டில் வைத்த மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்டோம். மலிவு என்று 'ஸ்கொயர் வேவ்' வாங்கியவர்கள், கரன்ட் போனதும் ஃபேன் முனகுவதைக் கேட்டிருப்பார்கள். ஆம்ப்ளிஃபையரும் அதே முனகலைத்தான் முனகும். 'சைன் வேவ்' இன்வெர்ட்டருக்குக் கொடுக்கிற காசு, கேபிளுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு உருப்படியானது.

கடைசியாக எர்த். திருவண்ணாமலை பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலம். 'பூமி வேணும்னா காஞ்சிபுரம்தான் போகணும்' என்று இங்கே எலெக்ட்ரீஷியன் யாராவது ஜோக்கடித்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. மலையடிவாரம், பல இடங்களில் ஓரடிக்குக் கீழே பாறை. எர்த் கம்பி உள்ளே இறங்காது. பாறை சுலபமாக மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆழமாகத் தோண்டி, கரி, உப்பு போட்டு, தேவைப்பட்டால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று குழி எடுத்து இணைத்து, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். செய்கிறோமா? சுவரில் மூன்று ஓட்டை பிளக் அழகாக இருக்கும். மூன்றாவது ஓட்டைக் கம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி எலெக்ட்ரீஷியனைக் காட்டுவார்.

எர்த் அறுந்த வீட்டில் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் கை பட்டால் 'சுர்ர்' என்கும். அது சங்கீதப் பிரச்னை இல்லை சார், உயிர்ப் பிரச்னை. அதே வீட்டில்தான் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, ஈரக் கையோடு தொடுகிற வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. ஸ்பீக்கர் போடுகிற 'ம்ம்ம்' சில சமயம் வீடு கொடுக்கிற எச்சரிக்கை. அதைக் கேபிள் விற்கிறவரிடம் கொண்டுபோவது, நெஞ்சு வலிக்குச் சட்டை மாற்றுகிற வைத்தியம். இன்னும் சில 'நிபுணர்கள்' இரைச்சல் போக எர்த் பின்னையே வெட்டச் சொல்கிறார்கள். இரைச்சல் போகலாம். கூடவே ஆளும் போகலாம்.

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 'மேடை விரிந்தது, திரை விலகியது' என்று எழுதிக் கேபிள் விற்பவர்களை நிரூபிக்கச் சொல்லுங்கள். நிரூபிக்கும் வழி சுலபம். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் சாதாரண கேபிளையும் 30,000 ரூபாய் கேபிளையும் மாற்றி மாற்றிப் பத்து முறை போடட்டும். பத்தும் சரியாகச் சொன்னால் வாங்குங்கள். குருட்டாம்போக்கில் பத்தும் சரியாக அமைய 1,024-ல் ஒரு வாய்ப்புதான். சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வரும் வழியில் நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வாருங்கள். மீட்டர் வைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கசிவு வந்தால் கரன்ட்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்து பாட்டுக் கேளுங்கள். ஃபேனை மட்டும் ஒரு பாயின்ட் குறைத்து வையுங்கள். அறையிலேயே பெரிய இரைச்சல் அதுதான்.