ஏழைக்கு யந்திரம், சீமானுக்கு வாத்தியாரா?

"அந்நிய பாஷை கற்க இனி வாத்தியார் எதற்கு? கையில் செல்போன் இருக்கிறது. அதில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. கரடியூரில் உட்கார்ந்தபடியே ஜெர்மன் பேசலாம்!" என்று சில மேதாவிகள் முழங்குகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். இதில் உண்மை எவ்வளவு? லாபம் யாருக்கு?

கரடியூரில் நடந்ததைச் சொல்கிறோம். சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர் அது. காப்பிப் பழம் பறித்துப் பிழைக்கும் ஒரு தாய், கடன் வாங்கித் தன் மகளை நர்ஸ் படிப்புப் படிக்க வைத்தார். ஜெர்மனிக்கு நர்சுகள் தேவை. தேர்ச்சி பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கு வருஷத்துக்கு 20,000 என்றிருந்த விசாவை 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்த நாடு அறிவித்தது. ஆனால் அங்கே நர்சாக அங்கீகாரம் பெற, பாஷையில் பொதுவாக பி2 என்ற படியை எட்ட வேண்டும். அதற்கு முந்திய படி பி1.

ஏஜெண்ட் ஒருவர் 80,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். "வகுப்பு எங்கே?" என்று கேட்டதற்கு, செல்போனில் ஒரு செயலியைக் காட்டினார். அவ்வளவுதான் வகுப்பு!

அந்தப் பெண் சோம்பி இருக்கவில்லை. இரவில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று ஒரு வருஷம் படித்தாள். யந்திரம் தினமும் "மிக நன்று" என்றது. பி1 தேர்வு வந்தது. வாசிப்பில் தேறினாள், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் தேறினாள். பேச்சுத் தேர்வில் எதிரே இன்னொரு மனுஷி உட்கார்ந்திருந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தைப் பேசித் திட்டமிட வேண்டும். நமது பெண்ணுக்கு வாய் எழவில்லை. அந்த பாஷையில் அவள் அதுவரை ஒரு மனிதரோடும் பேசியதே இல்லை! ஏஜெண்ட் என்ன சொன்னார்? "யந்திரத்தில் குறையில்லை, உங்கள் மகளிடம்தான் குறை" என்றார். பணம் திரும்பவில்லை. கடன் மட்டும் நிற்கிறது.

இதைக் கேட்ட நமது தோழர் ஒருவர், "அந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கள்" என்றார். இது தவறான அபிப்பிராயம். வாசிப்பில் அவளைத் தேறவைத்தது அந்த யந்திரம்தானே! நூறு தடவை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை. நடுராத்திரியிலும் பதில் சொல்கிறது. யந்திரம் வேறு, அதைக் கையில் வைத்திருக்கும் முதலாளி வேறு என்று தொழிலாளி வர்க்கத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் மார்க்ஸ். அவரே 1869ல், 50 வயது கடந்த பின், ருஷ்யத் தொழிலாளர் நிலைமையைப் பற்றி பிளெரோவ்ஸ்கி எழுதிய நூலைப் படிப்பதற்காக ருஷ்ய பாஷை கற்கத் தொடங்கியவர். பாஷை தொழிலாளியின் ஆயுதம். அதைக் கூர் தீட்ட எந்தக் கருவி உதவினாலும் நாம் வேண்டாமென்று சொல்ல மாட்டோம்.

"அன்று எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டரை எதிர்த்தவர்கள்தானே நீங்கள்?" என்று சிலர் கேலி செய்வார்கள். ஆம், 1960களில் ஊழியர்கள் எதிர்த்தார்கள். யந்திரம் வந்தால் எங்கள் வேலை என்ன ஆகும் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. இன்றும் அதையே கேட்கிறோம்.

டியோலிங்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியைப் பாருங்கள். முதல் 100 பாடங்களை உருவாக்கச் சுமார் 12 வருஷம் ஆயிற்று. அடுத்த 148ஐ ஏறத்தாழ ஒரே வருஷத்தில் யந்திரத்தைக் கொண்டு முடித்தோம் என்று 2025ல் மார்தட்டியது. யந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்துக்கொள்வதைப் படிப்படியாக நிறுத்துவோம் என்றும் அதே வருஷம் அறிவித்தது. சாட்ஜிபிடி யந்திரத்தை ஆபாசப் பேச்சிலிருந்து சுத்தம் செய்ய, கென்யா நாட்டுத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலியே கிடைத்தது என்ற விஷயம் 2023ல் அம்பலமாயிற்று. யந்திரம் தானாகப் பேசவில்லை. கோடிக்கணக்கான மனிதர்கள் எழுதியதையும் கூலிக்காரர்கள் திருத்தியதையும் வைத்து, அடுத்த வார்த்தை எதுவாக இருக்கும் என்று கணக்கிட்டுப் பேசுகிறது. அதனால்தான் தவறையும் தயங்காமல் சொல்கிறது.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டது மலைபோல் குவிந்திருக்கிறது. தமிழில் அவ்வளவு இல்லை. ஆகவே யந்திரம் ஆங்கிலத்தில் கெட்டிக்காரனாகவும் தமிழில் தடுமாறுபவனாகவும் இருக்கிறது. ஜெர்மனில் மேஜை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமியோ இரண்டுமல்லாத பால்! இந்த விசித்திரத்தை நமது உயர்திணை, அஃறிணையோடு ஒப்பிட்டு விளக்க வேண்டாமா? "ஏனென்றால்" என்று தொடங்கும் ஜெர்மன் வாக்கியத்தில், நம் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருகிறது. தமிழறிந்த வாத்தியார் இதை ஐந்தே நிமிஷத்தில் மனதில் பதியவைப்பார். மாணவியின் முகத்தைப் பார்த்து, "புரிந்ததா?" என்று கேட்பார்.

இந்த மலையின் சரித்திரத்தையே பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, பங்களாக்கள் எழுந்தன. பணமுள்ளவர் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஏற்காட்டில் உறைவிடப் பள்ளிகளும் எழுந்தன; மாண்ட்போர்ட் பள்ளி 1917ல் வந்தது. எந்தச் சீமானாவது தன் பிள்ளையிடம் செல்போனைக் கொடுத்து, "வாத்தியார் வேண்டாம்" என்று சொல்வாரா? சொல்ல மாட்டார். பழம் பறிக்கிறவர் மகளுக்கு மட்டும் யந்திரம் போதுமாம்! இது என்ன நியாயம்?

1983ம் வருஷக் குடியேற்றச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் மத்திய சர்க்காரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். "பாஷைப் பயிற்சி" என்று பெயர் சூட்டி இந்த வரம்பைத் தாண்டுகிறார்கள். தமிழ்நாடு சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. நர்சுகளுக்கு ஜெர்மன் பயிற்சியும் நடத்தியிருக்கிறது. அந்த வகுப்பு மலை ஏறி வரக் கூடாதா? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டைஊசி வளைவுகள்தானே!

நமது கோரிக்கைகள் இவை: ஏற்காட்டில் சம்பளம் பெறும் வாத்தியாரைக் கொண்டு இலவச பாஷை வகுப்பு நடத்து! வகுப்புக்குத் துணையாக யந்திரத்தையும் இலவசமாகக் கொடு! வரம்பு மீறிப் பணம் பறிக்கும் ஏஜெண்டுகள் மீது நடவடிக்கை எடு!

கரடியூர்ப் பெண் பேச்சுத் தேர்வை மட்டும் மீண்டும் எழுதலாம். அதற்கு அவளுக்கு இப்போது வேண்டியது எதிரே உட்கார்ந்து பேச ஒரு மனிதர். ஏமாந்த குடும்பங்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். ரசீதுகளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். ஒன்றுபட்டுக் கேட்போம், வாங்காமல் ஓய மாட்டோம்!